ரயில்வே கேட் ஓரத்துக் கீரைப் பாத்தி

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் அப்போது நாங்கள் இருந்தோம். நான் பிறந்தது ஆர்.கே.பேட்டை பக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். வீட்டில் நானும் என் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும் மாமனாரும்தான்.

மாமனாருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது இருக்கும். மூன்று காணி நெல் நிலத்தைத் தனி ஆளாக நின்று பார்த்தவர். நான் வாழ வந்த புதிதில், அவர் வயலிலிருந்து திரும்பும்போது தெருவில் நான்கு பேரை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். மாமியார் இறந்த பிறகு எல்லாம் மாறிப்போனது. பேச்சு குறைந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார், பக்கத்து நிலத்து நாற்றங்கால் முழுகிப்போனது. ஒரு நாள் சலூனுக்குப் போனவர் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வெறும் உடம்போடு வந்தார். இன்னொரு நாள் காலையில் என்னைப் பார்த்து, "உங்க அத்தை எங்க, இன்னும் எழுந்திரிக்கலையா" என்று கேட்டார்.

அதோடு சம்பந்தமில்லாத பதில்கள் வேறு. "காப்பி குடிக்கறீங்களா மாமா" என்று கேட்டால், "மேக்கால கருத்திருக்குது, ஆனா பெய்யாது" என்பார். மத்தியானம் ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்காமல் சாப்பிட உட்காராதவர், ரேடியோவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சில நாள் காரணமே இல்லாமல் கத்துவார். புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நானும் கணவரும் உட்கார்ந்து யோசித்து, அவருக்கு நல்லது என்று நினைத்துச் சில முடிவுகள் எடுத்தோம். விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி, நிலத்தை ஒரு உறவுக்காரரிடம் வாரத்துக்கு விட்டோம். மண்வெட்டி, அரிவாள், களைக்கொட்டு எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றினேன். எந்த வேலையும் அவரைச் செய்யவிடவில்லை. அவர் வேட்டியை அவரே துவைப்பது வழக்கம், அதையும் பிடுங்கிக்கொண்டேன். கடைக்குப் போனால் வழி தெரியாமல் போய்விடுவாரோ என்று, நான் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் வெளிவாசல் மூங்கில் படலில் சங்கிலி மாட்டினேன். யாராவது பார்க்க வந்தால், "இது யார்னு தெரியுதா சொல்லுங்க" என்று அவரை நாங்களே பரீட்சை வைப்போம். அவர் முழிப்பார். வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவரும் போகும்போது, மாமனாரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொள்கிறாய் என்று என்னைப் பாராட்டுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஐந்தாறு மாதத்தில் அவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்காரும் ஆளாகிவிட்டார்.

அன்று ஒரு புதன்கிழமை. கணவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அவித்ததைக் கொட்டிப் பரப்பிவிட்டு உள்ளே வந்தால், சாதம் போட்ட தட்டு அப்படியே இருக்கிறது. ஆள் இல்லை. படல் திறந்து கிடந்தது. சங்கிலி மாட்ட மறந்தது நான்தான்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரைப் பக்கம் பார்த்தேன், கோயில் குளம் பார்த்தேன். எங்கள் பழைய நிலத்துப் பக்கம் போனாரோ என்று அப்போதுதான் தோன்றியது. அங்கே போக வேண்டுமென்றால் ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். வீட்டில் இருந்தபோது ஒரு வண்டி நீளமாக ஊதிக்கொண்டு போன சத்தம் என் காதில் விழுந்திருந்தது.

கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ரயில்வே கேட்டை நெருங்கினேன். ஆனால் அங்கே கூட்டம் எதுவும் இல்லை. கேட் அறைக்குப் பக்கத்தில் கேட்காரர் போட்டிருந்த கீரைப் பாத்தியில் மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் மண். முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்தில் கேட்காரர் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

அந்தக் கேட்காரரை முகம் பார்த்துத் தெரியும், பேசியதில்லை. நாற்பது வயதுக்காரர், சூலூர்பேட்டை பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நான் நேராகப் போய் மாமனார் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா மாமா இது, எங்கல்லாம் தேடறது உங்கள" என்று அழுகையும் கோபமுமாகக் கத்தினேன்.

"கொஞ்சம் இரும்மா" என்றார் கேட்காரர். "அந்தப் பாத்தி முடியட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையும் மருமகளும் நாங்கள் இருக்க, இவர் யார் என்று தோன்றியது. ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் அவருடைய காக்கி பேன்ட்டைப் பார்த்தேன். ஒரு முழங்காலில் துணி கிழிந்து ரத்தம் ஊறியிருந்தது.

என்ன நடந்தது என்று நான் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார். மாமனார் தண்டவாளத்துக்கு நடுவிலேயே நடந்து போயிருக்கிறார். கூடூர் பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டி வந்திருக்கிறது. கேட்டைச் சாத்திவிட்டுக் கொடியோடு நின்றிருந்த இவர் கத்தியிருக்கிறார், அவர் திரும்பவில்லை. ஓடிப் போய் அவரைக் கட்டிப்பிடித்து இழுத்து, இரண்டு பேருமாக ஜல்லியில் விழுந்து உருண்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் இல்லை, என்மேல் கோபமும் இல்லை. வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தவர் மாதிரி கேட்டார். "இவுருக்குக் காது கேக்குமாம்மா?"

"கேக்கும். மறதிதான். சொல்றதெல்லாம் புரியாது" என்றேன்.

"மறதி இருக்கலாம். அந்த டிரைவரு எவ்ளோ தூரத்துலருந்து ஊதிக்கினே வந்தான் தெரியுமா. மறந்து போனவன்கூட சத்தம் கேட்டா திரும்புவாம்மா. இவுரு தலையக்கூட அசைக்கல. எனக்கு வேலையே சத்தம் கேக்கறதுதான். காது கேக்காத ஆளு எப்டி நடப்பான்னு எனக்குத் தெரியும்."

காப்பிக்கு மழை என்று பதில் சொன்னது, ரேடியோவை விட்டது, தன் குரல் தனக்கே கேட்காமல் கத்தியது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்து மூன்று வேளையும் சோறு போட்ட எனக்குத் தெரியாதது, ஒரு கால் மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குள் மாமனார் பாத்தியை முடித்துவிட்டு நிமிர்ந்தார். கேட்காரர் அவர் எதிரே போய்க் குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, நிதானமாகக் கேட்டார். "நைனா, இந்தக் கீரைக்கு இன்னா எரு போடணும்?"

மாமனார் அவர் வாயையே பார்த்தார். பிறகு, "ஆட்டெரு போடு. பச்சையா போட்டுடாத, மக்கவெச்சிப் போடு. பூச்சி அடிச்சா சாம்பல் தூவு" என்றார். அத்தனை வார்த்தைகளைச் சேர்த்தாற்போல அவர் பேசி நான் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

சாயங்காலம் வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்துப்போனார். முதலில் அவருக்குத் தோன்றியது பூட்டுதான். "நாளைக்கே பெருசா ஒண்ணு வாங்கியாறேன்" என்றார். மறுநாள் நன்றி சொல்ல ரயில்வே கேட்டுக்குப் போனவர், திரும்பி வரும்போது பூட்டைப் பற்றிப் பேசவில்லை. "மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயி காதைக் காட்டுங்கன்னு சொல்றாரு. லீவு போடறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கேட்காரரோட அம்மாவ அவுங்க வீட்டுல இப்டித்தான் ரூம்புல பூட்டி வெச்சாங்களாம். அதுக்கு மேல சொல்லல" என்றார்.

ஆஸ்பத்திரியில் காது பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். வலது காதில் வெந்நீர் பீய்ச்சியபோது கல் மாதிரி இறுகியிருந்த அழுக்கு கட்டியாக வந்து விழுந்தது. மாமனார் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். மேலே ஓடிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இது இவ்ளோ சத்தமா ஓடுது" என்றார். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டோம். இடது காதில் நரம்பே பழுதாகிவிட்டது, அது திரும்பாது என்றார் டாக்டர்.

அவர் எங்களிடம் பேசுவதை விட்டுவிட்டு மாமனாரின் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊரில் இப்போது என்ன பயிர் என்று கேட்டார். சொர்ணவாரிப் பட்டத்துக்கு என்ன விதை, சம்பாவுக்கு என்ன விதை என்று மாமனார் விளக்கினார். ஆனால் அன்று என்ன கிழமை என்று கேட்டதற்குத் தெரியவில்லை. மாமியார் இறந்ததைப் பற்றிக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அந்தச் சாவுக்கு அழுது நான் பார்த்தது அன்றுதான்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மறதியும் இருக்கிறது, அதை முழுதாகப் போக்க மருந்து இல்லை. ஆனால் அதைச் சீக்கிரம் முற்றவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். தினமும் நடக்க வேண்டும், கைக்கு வேலை வேண்டும், பேச நாலு பேர் வேண்டும், துக்கத்தை யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். மூலையில் உட்காரவைத்தால் இருக்கிற புத்தியும் போய்விடும். "நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல. ஆனா அவருக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கலயே" என்றார். என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

பரண்மேலிருந்து களைக்கொட்டை இறக்கினேன். ஆனால் எங்கே அனுப்புவது? நிலம் கைமாறியிருந்தது. கொல்லை முழுக்க நெல் களம். அப்போதுதான் கேட்காரர் என் கணவரிடம், "என் பாத்திக்கு அனுப்புங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. மறுபடியும் ரயில் பாதையா என்று பயந்தேன். நான்கு நாள் கழித்து வந்து பாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த பாத்தியை அவர் அப்படியே விட்டுவிட்டார். கேட் அறைக்குப் பின்னால், பள்ளத்துக்கு அந்தப்பக்கம், கட்டாந்தரையாகக் கிடந்த இடத்தைத் தன் ஓய்வு நேரத்தில் கொத்திப் புதிதாகப் பாத்தி பிடித்திருந்தார். பாதைப் பக்கம் கருவேல முள் வெட்டி வேலி கட்டியிருந்தார். வருவதற்கும் போவதற்கும் எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் வழி. ஒரு முன்பின் தெரியாத கிழவருக்காக அந்த மண்ணை அவர் கொத்தியிருக்கிறார். கோடையில் அந்த மண் பாறை மாதிரி இருக்கும்.

தினமும் காலையில் கூழ் குடித்துவிட்டு மாமனார் கிளம்புவார். முதல் வாரம் நான் கூடவே போனேன். கேட்காரர் அவரிடம் நடந்துகொண்ட விதத்தை அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "நான் யார் தெரியுதா" என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. மாமனார் வந்ததும் எதிரே போய் நின்று, "நைனா, நான் கேட்காரன். நேத்து வெண்டைக்குத் தண்ணி விட்டோம், இன்னிக்குக் கீரை அறுக்கணும்" என்று தானே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு மாமனாருக்கு எதையும் ஞாபகப்படுத்திக்கொள்ளத் திண்டாட வேண்டியதில்லை. வண்டி வரும் நேரமானால் தோளைத் தொட்டு வேப்ப மரத்தடியைக் காட்டுவார். மாமனார் அங்கே போய் உட்கார்ந்து, வண்டி கடந்த பிறகுதான் எழுந்திருப்பார். வேலை நேரம் மாறி வருகிற இன்னொரு கேட்காரருக்கும் இதெல்லாம் சொல்லிப் பழக்கியிருந்தார்.

கேட் சாத்தியிருக்கும்போது நிற்கிற வண்டிக்காரர்களையும் மீன்கூடைப் பெண்களையும்கூட அவர் விடவில்லை. "பெரியவருக்கு ரைட்டு சைடுல கேக்கும், எதிர நின்னு மெதுவா பேசுங்க" என்பார். கொஞ்ச நாளில் அவர்கள் தாங்களாகவே மாமனாரிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். நெற்பயிரில் பழுப்பு விழுந்தால் ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்து ஏதாவது சொல்வார். சில நாள் சொன்னதையே மூன்று தரம் சொல்வார். முதல் தரம் கேட்பதுபோல மூன்று தரமும் கேட்டுக்கொள்வார்கள்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் நான் மோர் எடுத்துக்கொண்டு போனபோது மாமனார் கையில் ஒரு குச்சியோடு கேட்காரரை விரட்டிக்கொண்டிருந்தார். "இது என் நெலம்டா. எவன்டா நீ, வரப்ப வெட்டிப்புட்டு என் நெலத்துல நிக்கற" என்று கத்தினார். முந்தின நாள் நட்ட கத்தரி நாற்று முழுவதும் பிடுங்கி எறியப்பட்டிருந்தது. குச்சியால் கேட்காரர் தோளில் ஒரு அடி விழுந்தது. நான் அவமானத்தில் கூசிப்போய், "மாமா, அது அவரு எடம், ரயில்வே எடம்" என்று ஓடினேன்.

கேட்காரர் என்னைக் கையால் தடுத்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆமா நைனா, உன் நெலந்தான். நான் கூலிக்கு வந்தவன். இன்னா செய்யணும் சொல்லு" என்றார்.

மாமனார் மூச்சு வாங்க நின்றார். குச்சி மெதுவாகக் கீழே இறங்கியது. "வரப்ப ஒசத்திக் கட்டு" என்றார். கேட்காரர் குனிந்து கட்டினார். "இந்தப் பக்கம் மண்ணு பத்தல" என்றார் மாமனார். அங்கேயும் போட்டார். அரை மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல இவர் வேலை செய்தார். கடைசியில் மாமனாரே உட்கார்ந்து, பிடுங்கிப்போட்ட நாற்றுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார். நான் கொண்டுபோன மோரை வாங்கியவர், பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியைக் கூலியாளுக்குக் கொடு என்று என்னிடம் நீட்டினார். கேட்காரர் அதைக் கும்பிட்டு வாங்கிக் குடித்தார்.

ஒரு தரம் நான் அவரிடம் கேட்டேன். "எப்டிண்ணே உங்களுக்கு இவ்ளோ பொறுமை?"

"பொறுமை இன்னாம்மா பொறுமை" என்று சிரித்தார். "ஒரு நாளைக்கு இத்தனி வண்டிக்குக் கேட்டு சாத்தித் தொறக்கறேன். சொம்மா ஒக்காந்தா எனக்கே பேஜாரா இருக்கும். அவுரு வந்த பொறவு கீரை நல்லா வருது. பேச ஆளும் இருக்குது."

இப்படி நான்கு வருடம் போனது. மாமனாரின் மறதி நிற்கவில்லை. நாள், கிழமை எல்லாம் போய்விட்டன, என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்த அந்த மனிதரை நான் மறுபடியும் பார்க்கவில்லை. சாயங்காலம் ஒரு கட்டு கீரையோடு வந்து, "இத வேகவெச்சிக் கடையும்மா" என்று என்னிடம் நீட்டுவார். அவர் கொண்டுவந்து எங்கள் வீடு சாப்பிடுகிறது என்பது அவர் முகத்தில் தெரியும். என் மகள் அவர் வலப்பக்கம் போய் நின்று பேசுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பழகியிருந்தாள்.

கேட்காரருக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் மாற்றலானது. போவதற்கு முன் இரண்டு வாரம், புதிதாக வந்தவரைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு மாமனாருக்குப் பழக்கிவிட்டுத்தான் போனார். அடுத்த வருடம் மாமனார் நான்கு நாள் ஜுரத்தில் படுத்து, தூக்கத்திலேயே போய்விட்டார். படுப்பதற்கு முந்தின நாள்கூடப் பாத்திக்குப் போய் வந்திருந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ, கேட்காரர் மெட்ராஸ் போய் வண்டி மாறி வந்து சேர்ந்தார். உறவுக்காரர்களுக்குப் பின்னால் ஓரமாக நின்றார். என் கணவர் போய் அவர் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்து, தனக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். அவர் குனிந்து மாமனாரின் வலது காதுப் பக்கம் ஏதோ மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று எனக்கு மாமனாருக்கு அப்போது இருந்ததைவிட அதிக வயது. சாவி எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன், பெயர்கள் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. நீ உட்காரும்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று என் மகள் பாசமாகத்தான் சொல்கிறாள். நான் அவளிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்: காய் நறுக்குவதையும் செடிக்குத் தண்ணீர் விடுவதையும் என் கையிலிருந்து வாங்காதே, வருடத்துக்கு ஒரு தரம் காதைப் பார்க்கக் கூட்டிப்போ, நான் தப்பாகப் பதில் சொன்னால் பக்கத்தில் வந்து இன்னொரு தரம் கேள்.

ரயில் வரும்போது ஓடிப் போய் ஒரு உயிரை இழுத்ததற்காக அந்தக் கேட்காரரை ஊரே மெச்சியது. அது ஒரு நிமிட வேலை. அதற்குப் பின் நான்கு வருடம், புத்தி தளர்ந்த ஒரு மனிதரைத் தினமும் எதிரே வந்து நின்று முகம் பார்த்து மதித்தாரே, அதை நினைத்துத்தான் நான் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.